பதினேழு ஒண்ணு

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் போன ஞாயிறு கம்பிக்கு வெளியே நின்னு கண்ணால பார்த்தேனே. வலது கை முஷ்டி வீங்கி பன்னு மாதிரி இருந்துச்சு. கேட்டா, வாளி விழுந்துச்சுங்கறே. வாளி உன் கைமேல விழுந்துச்சா, எவன் மூஞ்சியாவது வந்து விழுந்துச்சா?

வக்கீலைப் பார்த்தேன். "அடிதடின்னு ஜெயில்ல இருந்து இன்னொரு தாள் வந்தா அப்பீலை மறந்துடுங்கம்மா"ன்னார். ஏழு வருஷம்டா. பட்டறையில முதலாளியோட மூத்த மகன் எல்லார் முன்னாடியும் உன்னைச் செருப்பால அடிச்சான், சரி. கார் ஒடுக்கு எடுத்துக்கிட்டிருந்த சுத்தியால நீ திருப்பி ஒரே போடு போட்டே. மூணாம் நாள் அவன் செத்தான். அவன் செஞ்சது நியாயம்னு நான் சொல்லலை. ஆனா செத்தது அவன்.

கையைக் கட்டிக்கிட்டு இருன்னா நீ இருக்க மாட்டே. நடக்க ஆரம்பிச்ச நாளா உனக்கு எதையாவது உடைச்சாகணும். அதனால உடைக்கறதுக்கு ஒண்ணு அனுப்பறேன்.

11111111111111111

பதினேழு ஒண்ணு. ஒண்ணையும் இந்த எண்ணையும் விட்டுட்டு, வேற எந்த எண்ணால வகுத்தா இதுல மீதி வராது? கண்டுபிடி. எட்டாம் வகுப்பு வரைக்கும் கணக்குல நீ என்னைவிடக் கெட்டிக்காரன். இப்ப நான் டீச்சர், நீ உள்ளே. ஒரு உதவி மட்டும் செய்யறேன். இதை உடைக்கிற பகா எண் எதுவா இருந்தாலும், அதை முப்பத்திநாலால வகுத்தா மீதி ஒண்ணு வரும். அதனால மூணு, ஏழுன்னு கண்டதைப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. 103-ல ஆரம்பி. அப்புறம் 137. முப்பத்திநாலு முப்பத்திநாலா ஏறு. நடுவுல அஞ்சுலயோ மூணுலயோ போற எண் வந்தா தாண்டிடு.

வெள்ளைத் தாளும் பென்சிலும் ஜெயில் வாசல்ல கொடுத்திருக்கேன். பேனா குத்தறதுக்கு ஆகுமாம், விட மாட்டேனுட்டாங்க.

யாரையாவது அடிக்கணும்னு கை துறுதுறுத்தா இதை அடி. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதறேன். உடம்பு நல்லா இருக்கு, ஒரு பல்லுதான் குறைச்சல். உன் உடம்பு எப்படி? அந்த முதுகு வலி?

பல்லு கதையை நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எங்க பிளாக்ல பல்லின்னு ஒருத்தன். நீ கொடுத்த தாள்ல பாதியை எடுத்துப் பீடி சுருட்டிட்டான். நான் அவனை அடிக்கலை. கழுத்தைப் பிடிச்சுச் சுவத்தோட சேர்த்து வெச்சேன், அவ்வளவுதான். அவன் மண்டையால முட்டினான். எனக்குப் பல்லு போச்சு. மோதின வேகத்துல அவனுக்கு மூக்குத் தண்டு உடைஞ்சுடுச்சு. வார்டர் ரெண்டு பேரையும் லத்தியால விளாசினார், தாள் எதுவும் எழுதலை. அதனால உன் வக்கீல் கணக்குல இது வராது.

மிச்சத் தாள்ல போட்டேன். 103-ல மீதி ஐம்பத்தேழு. சரின்னு 137 போட்டேன். வகுக்க வகுக்கச் சுத்தமா இறங்குது அக்கா. கடைசி இலக்கத்துல வந்து மீதி ஒண்ணுன்னு நிக்குது. ஒரே ஒரு ஒண்ணு. சுவத்துல ஓங்கி ஒரு குத்து விட்டேன். சுவரை அடிக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே.

239-ல மீதி நூத்திப்பதினொண்ணு. இது என்னைக் கிண்டல் பண்ணுது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது உடையுமா, உடையாதா? உடையாத எண்ணைக் கொடுத்து என்னை ஏழு வருஷம் ஏமாத்தறியா?

தம்பி

*

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு வலி பழைய சிநேகிதம், அது பாட்டுக்கு இருக்கு. உன் பல்லு போன இடத்தை உப்புத்தண்ணியால கொப்பளி.

உடையும். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். விடை எங்க பள்ளிக்கூட லைப்ரரியில ஒரு தடிப் புத்தகத்துல இருக்கு. நான் பார்த்தும் வெச்சிருக்கேன். நீ கெஞ்சினாலும் வராது.

137-ல உனக்கு ஏன் அப்படி ஆச்சு தெரியுமா? பதினாறு ஒண்ணு போட்டிருந்தா அது சுத்தமா உடைஞ்சிருக்கும். நான் பதினேழாவதா ஒண்ணு வெச்சேன் பாரு, அதுதான் உன் மீதி.

இங்கே புதுசா ஒண்ணும் இல்லை. உன் முதலாளியோட இளைய மகன் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ரெண்டு மூணு தடவை நின்னான். ஆள் பாதியா இளைச்சுட்டான். அண்ணனைப் பறிகொடுத்தவன் வேற எப்படி இருப்பான்? நீ அதையெல்லாம் யோசிக்காதே.

அடுத்த மாசம் பார்க்க வரேன். மேல தாள் கொண்டு வரேன்.

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கே? போன மாசம் நீ வரலை. இந்த மாசமும் வரலை. ரெண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பரீட்சைத் தாள் திருத்தறியா? நானே சமாதானம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கடிதம் பிரிச்சுப் படிக்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டு விட்டார். மேஜைமேல என் கடிதம். "யாருடா இந்த முப்பத்திநாலு?"ன்னார். எண் சார்ன்னேன். "எந்த ஆளோட எண்?"ன்னார். நான் சிரிச்சிருக்கக் கூடாது. கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சு. இனிமே வெளியே இருந்து வர்ற, எண் இருக்கிற கடிதத்தையெல்லாம் மேல அனுப்பிப் பார்த்துட்டுத்தான் விடுவாராம். நீயும் எண்ணைக் குறைச்சு எழுது.

நேத்து சமையல் கூடத்துல ரெண்டு கோஷ்டிக்குள்ள சண்டை. ஒருத்தன் கொதிக்கிற சோத்துக் கஞ்சியை அண்டாவோட தள்ளி விட்டான். எதிர்ல நின்னவனுக்கு இடுப்புக்குக் கீழே தோல் துணி மாதிரி கழண்டு வந்துச்சு. எல்லாரும் கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. என் பக்கத்துலயே கரண்டி கிடந்துச்சு, முழ நீளத்துக்கு இரும்புக் கரண்டி. எடுக்கலை. சுவரோரமா உட்கார்ந்து 28,051-ஐ மனசுலயே போட்டுக்கிட்டிருந்தேன். பயம்னு நினைக்காதே. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

பதில் போடு அக்கா. ஒரு வரி போதும்.

தம்பி

*

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் ரொம்ப சௌக்கியம். பஸ்ல எழுதறேன், அதான் எழுத்து கோணல். வீடு மாத்திட்டேன், அந்த அலைச்சல்ல கடிதம் போட முடியலை. புது வீடு ரெண்டாவது மாடி, காத்து நல்லா வருது. பார்க்க வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பள்ளிக்கூடத்துல வேலை ஜாஸ்தி.

கரண்டியை எடுக்காம இருந்தியே, அது போதும் எனக்கு.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தாங்கள் நலமா இருக்கீங்கன்னு நம்பறேன். நான் இங்கே நல்ல சுகம். வேளாவேளைக்குச் சாப்பாடு, நல்ல தூக்கம். இங்கே வாளி செய்யற பட்டறையில என் வேலையைப் பாராட்டினாங்க. உங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. கனமான சாமான் எதையும் தூக்காதீங்க.

கணக்கு நல்லாப் போகுது. இந்த வாரம் 9,18,035 வரைக்கும் வகுத்துட்டேன். மீதி வந்துச்சு.

இங்கே விசாரணைக் கைதிங்க சில பேர் புதுசா வந்திருக்காங்க. தண்ணித் தொட்டி எங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான். வேற விசேஷம் இல்லை.

தங்கள் தம்பி

*

ஆகஸ்ட் 29

டேய்,

நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்லை. என்னை எப்படா நீ "தாங்கள்"னு சொல்லியிருக்கே? 9,18,035-ஆம், வகுத்தானாம். அஞ்சுல முடியற எண்ணை மூணாம் வகுப்புப் பையன் கூட வகுத்துப் பார்க்க மாட்டான். நீ பல நாளா பென்சிலையே தொடலை. வேற என்னமோ யோசிச்சுக்கிட்டிருக்கே. கனமான சாமானைத் தூக்காதேன்னு எழுதினப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு.

இளையவன் அங்கே வந்துட்டான், இல்லையா? வேற ஜெயிலுக்குத்தான் அனுப்புவாங்கன்னு வக்கீல் சத்தியம் பண்ணினார். அவனே உன்கிட்ட சொல்லியிருப்பான், கூட்டிச் சேர்த்து. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், அதை மட்டும் நம்பு.

மார்ச் மாசம் ஒரு சாயங்காலம், பழைய வீட்டுல. கதவு தட்டற சத்தம். கண்ணாடி வழியா பார்த்தேன், அவன்தான். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்துச்சு. அழுதுட்டுப் போகட்டும்னு கதவைத் திறந்தேன். அது என் முட்டாள்தனம். "அப்பீலை வாபஸ் வாங்கு"ன்னான். முடியாதுன்னேன். "என் அண்ணனை அடிச்ச கையை என்னால எடுக்க முடியாது"ன்னான். சொல்லிக்கிட்டே என் வலது கையைப் பிடிச்சு இழுத்துக் கதவு நிலையில வெச்சான். கதவைச் சாத்தினான். திறந்தான். மறுபடி சாத்தினான். மூணாவது தடவை நான் சத்தம் போடலை, எலும்புதான் போட்டுச்சு. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மேல ஓடி வந்து அவன் முதுகுல ஸ்டூலால அடிச்சுத் தள்ளி விட்டார். இவன் ஓடலை. படிக்கட்டுலயே உட்கார்ந்து, தலையைப் பிடிச்சுக்கிட்டு, வாந்தி எடுத்தான்.

மணிக்கட்டுல பிளேட் வெச்சிருக்காங்க. இடது கையால எழுதப் பழகிட்டேன். ரெண்டு விரல் இன்னும் மடங்கலை. போலீஸ்ல சொன்னேன். ஜூலையிலதான் பிடிச்சாங்க. உனக்குச் சொல்லலை. சொன்னா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும்.

இப்ப கேட்டுக்கோ. இது என் கை. என் வழக்கு. கோர்ட்ல நின்னு நான் சொல்லிக்கறேன். நீ அவன்மேல கையை வெச்சேன்னு கேள்விப்பட்டேன்னா, அடுத்த கடிதத்துல அந்த எண்ணோட விடையை முதல் வரியிலயே எழுதி அனுப்புவேன். எட்டு மாசமா நீ போட்ட அத்தனையும் நாசமாப் போகும். விளையாடறேன்னு நினைக்காதே.

தொடாதேடா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

அக்கா

*

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை எப்படி இருக்குன்னு கேக்கற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியலை. ஆனாலும் கேக்கறேன். எப்படி இருக்கு?

உன் கடிதம் நேத்துதான் என் கைக்கு வந்துச்சு. எண் இருக்குன்னு மேல அனுப்பிட்டாராம் அந்த அதிகாரி. நான் செப்டம்பர் 3-ஆம் தேதியே செஞ்சுட்டேன்.

நீ நடந்ததை நடந்தபடி எழுதினே. நானும் அப்படியே எழுதறேன். ஒரு நாள் தொட்டிக்கிட்ட அவனே என் பக்கத்துல வந்து நின்னான். "உன் அக்கா கத்தவே இல்லடா"ன்னு மட்டும் சொன்னான். பெருமையா சொல்லலை. ஏன் சொன்னான்னு இன்னமும் தெரியலை. எந்தக் கேஸ்ல வந்திருக்கான்னு கூட வந்த விசாரணைக் கைதிங்ககிட்ட கேட்டேன், உன் கை விஷயம் முழுசா தெரிஞ்சு போச்சு. அன்னையிலிருந்து நான் பென்சிலைத் தொடலை. பட்டறையில தகரம் தட்டற கொட்டாப்புளி ஒண்ணை இடுப்புல செருகிக்கிட்டு மூணு நாள் அவனுக்காகக் காத்திருந்தேன். மூணாம் நாள் தனியா குளிக்க வந்தான். கண்ணுல சோப்பு. பின்னாடி இருந்து முடியைப் பிடிச்சேன். "எந்தக் கையால?"ன்னு கேட்டேன். அவன் வலது கையைத் தானே எடுத்துத் தொட்டி விளிம்புல வெச்சான். சத்தியமா அவனேதான் வெச்சான். முழங்கைக்குக் கீழே நாலு அடி அடிச்சேன். முதல் அடியிலயே உடைஞ்சுடுச்சு. மிச்சம் மூணும் எதுக்குன்னு கேட்டா, நிறுத்த முடியலை. எலும்பு வெளியே வந்து சிமெண்ட்ல உரசுச்சு. தண்ணியெல்லாம் சிவப்பு. அப்புறம் தலைக்கு ஓங்கினேன்.

மனசு மாறி நிறுத்திட்டேன்னு எழுதினா பொய். ரெண்டு வார்டர் வந்து என்னைத் தூக்கினாங்க. வரலைன்னா நான் அவனைக் கொன்னிருப்பேன்.

தனிக்கொட்டடியில நாப்பது நாள் வெச்சாங்க. முதல் வாரம் காலை மிதிச்சே பழுக்க வெச்சாங்க. கேஸ் போட்டிருக்காங்க, மேல நாலு வருஷம் விழுமாம். அப்பீல் போச்சு.

உன் கடிதம் முன்னாடியே வந்திருந்தா தொட்டிருப்பேனா? அங்கே உட்கார்ந்து இதையேதான் யோசிச்சேன். தெரியலை அக்கா.

விடையை எழுதறதுன்னா எழுது. உன் இஷ்டம்.

தம்பி

*

அக்டோபர் 30

தம்பிக்கு,

அவனுக்கு எலும்பு கூடலை. சீழ் வெச்சு, முழங்கைக்குக் கீழே எடுத்துட்டாங்க. இது வக்கீல் சொல்லி எனக்குத் தெரிஞ்சதில்லை. அவன் அம்மா வந்தாங்க, பள்ளிக்கூட வாசலுக்கே. ரெண்டு பிள்ளைங்களையும் உன்கிட்ட பறிகொடுத்தவங்க. அடிப்பாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு நின்னேன். என் கையையே பார்த்தாங்க. "உனக்குக் கூடிடுச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. கூடிடுச்சும்மான்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாங்க.

என் கைக்காக இன்னொருத்தன் கையைக் கேட்டேனா நான்? எனக்காகச் செஞ்சேன்னு எவன்கிட்டயும் சொல்லாதே. உனக்காகச் செஞ்சே.

விடையை எழுதப் போறதில்லை. இரக்கம்னு நினைச்சுக்காதே. உனக்கு எதையும் கொடுக்கத் தோணலை. இனிமே கடிதமும் வராது. நானும் வர மாட்டேன்.

அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு மாசமா உன் எழுத்தைப் பார்க்கலை. இதை நீ பிரிப்பியான்னும் தெரியலை. உன் விரல் மடங்குதா, முதுகு எப்படி, ராத்திரி தூக்கம் வருதா, எல்லாத்தையும் கேட்டதா வெச்சுக்கோ.

நான் மறுபடி கணக்குல உட்கார்ந்தேன். வேற என்ன இருக்கு எனக்கு? 9,18,035 வரைக்கும் வகுத்தேன்னு பொய் எழுதினேனே, நிஜத்துல ஆறு லட்சத்துல விட்ட இடத்திலிருந்து ஒவ்வொண்ணா ஏறினேன். காலையில வாளி, சாயங்காலம் வகுத்தல்.

இளையவன் இப்ப தண்டனைக் கைதி, எதிர் பிளாக். ஒத்தைக் கையால வாளி தூக்கறதைத் தினமும் பார்க்கறேன். ஒரு நாள் தூக்கித் தரலாம்னு போனேன். வாளியைக் கீழே வெச்சுட்டு என் மூஞ்சியில துப்பினான். துடைச்சுக்கிட்டு வந்துட்டேன். இன்னொரு நாள் கரண்டிக் காம்பைத் தீட்டி என் விலாவுல குத்தினான். இடது கை பழகலை, ஆழமா இறங்கலை. பத்து தையல். யார் குத்தினதுன்னு அதிகாரி கேட்டார். பார்க்கலைன்னேன். புண்ணியம் தேடறேன்னு நினைக்காதே. எண்ணை முடிக்காம இன்னொரு விசாரணைக்குப் போக எனக்கு நேரம் இல்லை, அதுதான் நிஜம்.

போன செவ்வாய்க்கிழமை 20,71,723 போட்டேன். மீதி இல்லை.

நம்பலை. மறுபடி போட்டேன். மீதி இல்லை. இன்னொரு பக்கத்துத் துண்டு 536,32,22,357. ரெண்டையும் பெருக்கினா பதினேழு ஒண்ணும் வரிசையா வந்து நிக்குதான்னு பார்க்க எனக்குத் தைரியம் வரலை. மறுநாள்தான் பெருக்கினேன்.

உடையும்போது எப்படி இருக்கும்னு ஒன்றரை வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு சத்தம் கூட இல்லை. பல்லி கூப்பிட்டு ஏன்டா ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கேன்னான்.

அப்புறம் பெரிய துண்டையும் உடைக்கலாம்னு புதுத் தாள் எடுத்தேன். எடுத்தப்புறம்தான் உறைச்சுது. அது உடையறதா இருந்தா, அதை உடைக்கிற சின்ன எண் முழு எண்ணையும் உடைச்சிருக்கணும். சின்ன எண்ணையெல்லாம் நான்தான் ஒண்ணு விடாமப் பார்த்துட்டேனே. அதனால அது உடையாது. சின்னத் துண்டும் அப்படித்தான். தாளைத் திரும்ப வெச்சுட்டேன். உடைக்க ஒண்ணும் மிச்சம் இல்லை அக்கா.

சரியான்னு மட்டும் சொல்லு.

தம்பி

*

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

விரல் ஒண்ணு மடங்குது, இன்னொண்ணு மாட்டேங்குது. தூக்கம் வருது. உன் விலா ஆறிடுச்சா?

புத்தகத்தைப் பார்த்துச் சரின்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். செய்யலை. நீ எழுதின ரெண்டு எண்ணையும் நானே பெருக்கிப் பார்த்தேன், வலது கையால. நாலு வரிக்கு மேல பென்சில் நழுவுது, அதனால ரெண்டு சாயங்காலம் ஆச்சு. நடுவுல ஒரு இடத்துல ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு வந்துச்சு. உன் தப்பா என் தப்பான்னு அன்னைக்கு ராத்திரி சாப்பிடக் கூட முடியலை. காலையில பார்த்தா நான்தான் மேல ஏத்தின எண்ணைச் சேர்க்கும்போது தப்பு விட்டிருக்கேன். உன் எண் சரி. பெரிய துண்டைப் பத்தி நீ சொன்னதும் சரி.

உன்மேல இருக்கிற கோவம் போகலை. போகும்னும் சொல்ல முடியாது. அதை வெச்சுக்கிட்டேதான் ஞாயிற்றுக்கிழமை வரேன்.

இளையவனைப் பார்க்க அவன் அம்மாவும் வாராவாரம் அதே பஸ்லதான் ஜெயிலுக்கு வராங்களாம், பழைய வீட்டு எலக்ட்ரீஷியன் சொன்னார். முன்னாடி சீட்ல ஜன்னலோரமா உட்காருவாங்களாம். பக்கத்து சீட் காலியா இருந்தா நான் உட்காரணுமா, பின்னாடியே நிக்கணுமா, எனக்குத் தெரியலை. ஏறினப்புறம் பார்த்துக்கறேன்.

அக்கா